யாரைக் கேட்டு மாத்தினீங்க?

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குப் பெரியப்பா வீட்டிலிருந்து போன். அவருக்கு வயது 81. அந்த வயதுக்காரர் வீட்டிலிருந்து அந்த நேரத்தில் போன் வந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்களோ அதைத்தான் நானும் நினைத்தேன். ஆனால் பேசியது அவரேதான்.

"டேய், எனக்கு மூளை மழுங்கிடுச்சுடா. நல்ல நியூரோ டாக்டரா ஒருத்தரைப் பாரு."

அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மனிதர் குளித்து முடித்து, காபி குடித்து, லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார். பேச்சில் தடுமாற்றம் இல்லை. என் பெயர், என் பையன் படிக்கும் வகுப்பு, நான் அவருக்குத் திருப்பித் தரவேண்டிய ஆயிரம் ரூபாய், எல்லாம் ஞாபகம் இருக்கிறது. பிரச்னை திரையில் இருந்தது. முதல் நாள் ராத்திரி அவர் தூங்கிய பிறகு லேப்டாப் தன்னைத்தானே 'அப்டேட்' செய்துகொண்டுவிட்டது. ஆறு வருஷமாக ஒரு மூலையில் இருந்த பட்டன் அங்கே இல்லை. எழுத்தில் இருந்ததெல்லாம் சின்னச் சின்னப் படங்களாக மாறியிருந்தது. பேத்தியின் போட்டோ ஃபோல்டரைத் திறந்தால், 'இதையெல்லாம் எங்கள் சர்வரில் வைத்துக்கொள்ளட்டுமா?' என்று ஒரு கேள்வி வருகிறது. அந்தக் கேள்விக்கு 'ஆகட்டும்', 'அப்புறம் கேள்' என்று இரண்டே பதில்கள்தான். 'வேண்டாம்' என்று சொல்ல இடமே இல்லை.

"நேத்து வரைக்கும் இங்கேதான் இருந்துச்சு. நான்தான் இடத்தை மறந்துட்டேன் போலிருக்கு" என்றார்.

நீங்கள் மறக்கவில்லை பெரியப்பா, அவர்கள் மாற்றிவிட்டார்கள் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. "என் மெஷினை அவங்க எதுக்குடா மாத்தப் போறாங்க? அவங்க யாரு?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் என்னிடம் அன்றைக்கு இல்லை. இந்த வாரம் எழுதுவது அதைப் பற்றித்தான்.

பெரியப்பா ஆர்.எம்.எஸ்.காரர். ரயில்வே தபால் சேவை. அந்தக் காலத்தில் ஓடுகிற ரயிலிலேயே தபால் பெட்டியில் நின்றுகொண்டு கடிதம் பிரிப்பார்கள். எழும்பூரில் ஏறினால் திருச்சி வருவதற்குள் மூட்டை மூட்டையாகப் பிரித்துக் கட்டிவிட வேண்டும். எதிரே கட்டம் கட்டமாக மர அறைகள், சார்ட்டிங் கேஸ் என்பார்கள். விழுப்புரம் எது, விருத்தாசலம் எது, அரியலூர் எது என்று கண் பார்க்காது. கை போகும். ரயில் குலுங்கும், விளக்கு மங்கும், கை தப்பாது. அந்தக் கைக்குச் சொந்தக்காரரைத்தான் ஒரே ராத்திரியில், 'எனக்குப் புத்தி பிசகிவிட்டது, டாக்டரைப் பாரு' என்று சொல்ல வைத்துவிட்டார்கள்.

எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். சொன்னால் மற்றவர்கள் யோக்கியர்கள் ஆகிவிடுவார்கள். இந்த விஷயத்தில் யாரும் யோக்கியரில்லை என்பதற்குப் பொதுச் சரித்திரமே இருக்கிறது. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது ஸ்டார்ட் பட்டனையே எடுத்துவிட்டார்கள். ஊர் உலகமெல்லாம் கத்தியது. 2013-ல் பட்டன் திரும்பி வந்தது, பழைய மெனு வரவில்லை. மெனு வந்தது 2015-ல், விண்டோஸ் 10-ல். 2021-ல் விண்டோஸ் 11 வந்தபோது பட்டன் நடுவுக்கு வந்தது. 1995-லிருந்து டாஸ்க்பாரைத் திரையின் மேலேயோ பக்கவாட்டிலோ நகர்த்தி வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அந்த வசதி புதியதில் காணாமல் போயிற்று. வீட்டுக்காரர் நாற்காலியை எங்கே போட வேண்டும் என்பதை நாற்காலி செய்தவன் முடிவு செய்கிற கதைதான்.

இங்கே லினக்ஸ் நண்பர்கள் கைதட்டத் தயாராவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள் சார், உங்கள் முறை வருகிறது.

2010-ல் உபுண்டுவில் என்ன நடந்தது? ஜன்னலை மூடும், சுருக்கும், பெரிதாக்கும் பட்டன்களை வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்குத் தூக்கிப் போட்டார்கள். ஜனங்கள் கேட்டார்கள். உபுண்டுவின் தலைவர் மார்க் ஷட்டில்வொர்த், இது ஜனநாயகம் அல்ல, வடிவமைப்பை நாங்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்வதில்லை என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார். சரி, அப்படியாவது இடது பக்கம்தான் உத்தமம் என்று நிரூபித்தார்களா? 2017-ல் பட்டன்கள் மறுபடியும் வலது பக்கத்துக்கே வந்து சேர்ந்தன. ஏழு வருஷம் லட்சக்கணக்கான விரல்களைத் திருப்பிப் பழக்கிவிட்டு, போனால் போகிறது என்று பழைய இடத்துக்கே வந்துவிட்டார்கள்.

2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தது. சுருக்கும் பட்டனும் பெரிதாக்கும் பட்டனும் ஜன்னல்களிலிருந்து எடுக்கப்பட்டன. தேவையில்லை என்று முடிவு செய்தார்களாம். லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸே எரிச்சலாகி, எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறு டெஸ்க்டாப்புக்குக் குடிபோனார். (அப்புறம் சில வருஷத்தில் திரும்பி வந்துவிட்டார் என்பது வேறு கதை.) லினக்ஸின் கருவை எழுதியவருக்கே இந்த மரியாதை என்றால் பெரியப்பா எம்மாத்திரம்?

ஒரு வித்தியாசம் உண்டு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். லினக்ஸ் உலகத்தில் வீட்டை இடித்தாலும் பழைய வீட்டின் பிளான் பொதுவில் இருக்கும். அர்ஜென்டினாக்காரர் ஒருவர் பழைய க்னோம் 2-வின் மூல நிரல்களை எடுத்து, 'மாடே' என்று பெயர் வைத்து 2011-லேயே தொடர்ந்து நடத்த ஆரம்பித்தார். இன்றைக்கும் இருக்கிறது. மற்ற இடங்களில் அந்தக் கொடுப்பினையும் இல்லை.

ஆனால் நான் சொல்ல வருவது இதையும் தாண்டி. எவரோ கட்டிக் கொடுத்த வீட்டுக்குள் குடியேறி, அவர் இடிக்கும்போது கத்துவதற்குப் பதிலாக, ஏன் நாமே நமக்குத் தேவையான அளவுக்கு ஒரு அறை கட்டிக்கொள்ளக் கூடாது? முடியாது, அது நிபுணர் சமாச்சாரம் என்று நம்மை நம்பவைத்திருக்கிறார்கள். பச்சைப் பொய். முடியும். 1980-களிலிருந்து முடியும். அதற்கென்றே ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், நாம்தான் அந்தப் பக்கமே போவதில்லை. அந்தக் கதவின் பெயர் விண்டோ மேனேஜர்.

அது என்ன என்று ஒரு பாராவில் சொல்லிவிடுகிறேன். 1984-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பாப் ஷைஃப்ளர், ஜிம் கெட்டிஸ் போன்றவர்கள் 'எக்ஸ்' என்றொரு ஏற்பாட்டை உருவாக்கினார்கள். திரையில் படம் வரைவது, கீபோர்டு, மவுஸ் சொல்வதைக் கேட்பது, இவைதான் எக்ஸின் வேலை. ஜன்னல் எங்கே நிற்க வேண்டும், அதற்குச் சட்டம் எப்படி இருக்க வேண்டும், மூடும் பட்டன் இடமா வலமா, இதிலெல்லாம் தலையிட மாட்டேன் என்று எக்ஸ் ஒதுங்கிக்கொண்டது. அதற்குத் தனியாக ஒரு சின்ன புரோகிராம். அதுதான் விண்டோ மேனேஜர். மற்ற புரோகிராம்களைப் போல அதுவும் ஒரு புரோகிராம், அவ்வளவுதான். பிடிக்கவில்லையா? கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொள்ளலாம். மெஷினை நிறுத்தக்கூட வேண்டாம். பாதி எழுதிய கடிதம் திறந்திருக்கும்போதே ஒரு விண்டோ மேனேஜரை எடுத்து இன்னொன்றைப் போட்டுக் காட்டினேன். ஜன்னலின் சட்டமும் பட்டனும் மாறின, கடிதம் அப்படியே இருந்தது. ஓடுகிற பஸ்ஸில் டிரைவரை மாற்றிய மாதிரி. பெரியப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்தது. அவர் ஓடுகிற வண்டியில் வேலை பார்த்தவர் அல்லவா.

அப்படி எத்தனையோ வந்தன. 1987-ல் டாம் லாஸ்ட்ரேஞ்ச் எழுதிய டி.டபிள்யு.எம். அதிலிருந்து 1993-ல் ராபர்ட் நேஷன் உருவாக்கிய எஃப்.வி.டபிள்யு.எம். (அந்த 'எஃப்' எதைக் குறிக்கிறது என்பதை எழுதியவரே மறந்துவிட்டார். அவர் நியூரோ டாக்டரிடம் போனதாகத் தகவல் இல்லை.) பிரேசில்காரர் அல்ஃப்ரெடோ கோஜிமாவின் விண்டோ மேக்கர். பிளாக்பாக்ஸ், அதன் வழியில் ஃப்ளக்ஸ்பாக்ஸ், ஓப்பன்பாக்ஸ். டைல்ஸ் ஒட்டுவது மாதிரி ஜன்னல்களை இடைவெளி இல்லாமல் அடுக்கும் ஐ-3. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்தர் கூட்டம்.

நான் எடுத்துக்கொண்டது ஓப்பன்பாக்ஸ். காரணம் எளிது. அதன் கடைசி வெளியீடு, 3.6.1, 2015-ல் வந்தது. அதற்குப் பிறகு புது வெளியீடு கிடையாது. என் பையனிடம் சொன்னேன். "அப்பா, அது செத்துப்போன சாஃப்ட்வேர்" என்றான். அதுதானே எனக்கு வேண்டும்! ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து தன்னை மாற்றிக்கொள்ளாத ஒன்று. அம்மிக்கல்லுக்குப் புது வெர்ஷன் வரவில்லை என்று யாராவது குறைப்பட்டுக்கொள்கிறார்களா?

இனி கட்டிய கதை. டெபியன் லினக்ஸைப் போடும்போது, எந்த டெஸ்க்டாப் வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்கும். ஒன்றையும் டிக் செய்யாமல் விட்டேன். முடிவில் ஒரு கறுப்புத் திரை, பெயர் கேட்கும் ஒரு வரி. அதில் நுழைந்து எக்ஸையும் ஓப்பன்பாக்ஸையும் மட்டும் நிறுவினேன். கிளப்பினால் மறுபடியும் வெறும் திரை, நடுவில் ஒரு அம்பு. அவ்வளவே. கடிகாரம் கிடையாது, பட்டை கிடையாது, ஐகான் கிடையாது. வலது பட்டனை அழுத்தினால் ஒரு சின்ன மெனு எழும்பும். நான்கு சுவரும் ஒரு கதவும் உள்ள காலி அறை மாதிரி. பெரியப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "கெடுத்துட்டியா?" என்றார்.

இல்லை, இனிமேல்தான் ஆரம்பம் என்றேன். நீங்கள் தினம் இதில் என்னென்ன செய்வீர்கள், சொல்லுங்கள். அவர் யோசித்து நாலு விஷயம் சொன்னார். பென்ஷனர் சங்கத்துக்குக் கடிதம் எழுதுவது. பேப்பர் படிப்பது. பேத்தி போட்டோ பார்ப்பது. அணைப்பது. இத்தனை வருஷத்தில் எந்தக் கம்பெனியும் அவரிடம் கேட்காத கேள்வி இது. பதில் நாலே வார்த்தை. ஓப்பன்பாக்ஸின் மெனு என்பது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. அதில் தமிழிலேயே எழுதினேன்: கடிதம், பேப்பர், போட்டோ, மூடு. சேமித்து, திரும்பப் படிக்கச் சொன்னேன். வலது பட்டன். நாலு வரி. பெரிய எழுத்தில்.

அடுத்தது பட்டை. டின்ட்2 என்ற சின்ன புரோகிராம். கீழே மணி காட்டும், திறந்திருக்கும் ஜன்னல்களைக் காட்டும். மணி, 24 மணிக் கணக்கில் வேண்டும் என்றார் (ரயில்வே புத்தி). ஒரு வரி மாற்றம். பின்னணிப் படத்துக்கு ஒரு புரோகிராம், ஃபோல்டர் பார்க்க ஒன்று, ஒலி கூட்டிக் குறைக்க ஒன்று, இன்டர்நெட் இணைப்புக்கு ஒன்று. இவையெல்லாம் கிளம்பும்போது தானாக எழ வேண்டும் என்று ஒரு பட்டியல். அதுவும் எழுத்துக் கோப்புதான். ஒரு வரிக்கு ஒரு ஆள். வேண்டாதவரை நீக்க, வரியை அடித்தால் போதும்.

கஷ்டமே இல்லை என்று கதைவிட மாட்டேன். ஏழு நாளைக்குள் மூன்று அடி வாங்கினேன். முதல் அடி, பென் டிரைவ். செருகினால் ஒன்றும் நடக்கவில்லை. பெரிய டெஸ்க்டாப்புகளில் செருகியதும் ஜன்னல் திறக்கிறதே, அது இயற்கை நியதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, அதற்குத் தனி ஆள் இருக்கிறார், நான் அவரை வேலைக்கு வைக்கவில்லை. இரண்டாவது, பேட்டரி. தீரப் போகிறது என்று எச்சரிக்க யாரையும் வைக்காததால், கடிதத்தின் கடைசி பாராவில் மெஷின் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிட்டது. பெரியப்பா அன்றைக்குப் பேசிய வார்த்தைகள் இந்தப் பத்திரிகையில் அச்சாகாது. நியாயமான கோபம். டெஸ்க்டாப் என்ற ஒற்றைப் பெயருக்குப் பின்னால் எத்தனை பேர் சத்தமில்லாமல் வேலை பார்க்கிறார்கள் என்பது, ஒவ்வொருவராக நாமே வேலைக்கு வைக்கும்போதுதான் தெரிகிறது. பெரிய டெஸ்க்டாப்புகளை எழுதுகிறவர்கள் மீது எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. கொஞ்சம்தான்.

மூன்றாவது அடிதான் முக்கியம். தமிழ். பெரியப்பா 1960-களில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் தட்டச்சு பயின்றவர். இன்றைக்கும் அந்த விசைப்பலகைதான் அவர் விரலுக்குத் தெரியும். பழைய தமிழ் டைப்ரைட்டர் அமைப்பு லினக்ஸில் ஐபஸ் என்ற ஏற்பாட்டின் மூலம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் வெறும் விண்டோ மேனேஜரில் அது தானாக எழாது. தமிழ் உள்ளீட்டுக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று மற்ற புரோகிராம்களுக்குச் சொல்லும் மூன்று வரிகளை நாம்தான் எழுதி வைக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சாயங்காலம் பிடித்தது. கண்டுபிடித்த பிறகு அவர் கீபோர்டில் கை வைத்து, 'அன்புடையீர், வணக்கம்' என்று கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு. தப்பே இல்லை. அந்த நியூரோ டாக்டர் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

இப்போது ஆட்சேபணைகள்.

"இதுக்கெல்லாம் யாருக்கு சார் நேரம் இருக்கு?" எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் நடுவில் சில சாயங்காலங்களும் ஆயிற்று. மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கணக்கையும் போடுங்கள். ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகும், எது எங்கே போச்சு என்று தேடுகிற நேரத்தை யார் கணக்கில் எழுதுகிறார்கள்? ஆபீசில் புது வெர்ஷன் போட்ட திங்கட்கிழமை என்ன வேலை நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நேரம் நம் சட்டைப்பையிலிருந்து போகிறது, அதனால் எவனுக்கும் வலிப்பதில்லை.

"எல்லோராலும் முடியுமா?" முடியாது. எல்லோரும் செய்யவும் வேண்டாம். எல்லோருமா தச்சு வேலை தெரிந்துவைத்திருக்கிறோம்? தெருவுக்கு ஒரு ஆசாரி இருந்தார், போதுமானதாக இருந்தது. கட்டிலின் கால் உயரம் அதிகம் என்றால் வந்து அறுத்துக் கொடுத்துவிட்டுப் போவார். கட்டில் கம்பெனியின் மாநாட்டுக்குக் காத்திருக்கவில்லை. வீட்டுக்கு ஒரு பையன், ஒரு பெண் இதைக் கற்றுக்கொண்டால் அந்த வீட்டுப் பெரியவர்கள் தப்பித்தார்கள். இந்த ஊரில் கம்ப்யூட்டர் படிக்காத வீடு எத்தனை? நாலு வருஷம் படித்த பிள்ளைக்குத் தன் தாத்தாவின் மெனுவில் ஒரு வரி சேர்க்கத் தெரியாது என்றால் அந்தப் படிப்பில் என்னவோ கோளாறு.

இந்த இடத்தில் விண்டோ மேனேஜர் பக்தர்களிடமும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. டி.டபிள்யு.எம். என்ற அதே ஓசையில் இன்னொன்று உண்டு, 2006-ல் வந்தது. நிரல் 2000 வரிகளைத் தாண்டக் கூடாது என்று அதன் ஆட்கள் விரதம் இருக்கிறார்கள். நல்ல விரதம். ஆனால் அதில் ஒரு நிறத்தை மாற்ற வேண்டுமென்றாலும் மூல நிரலைத் திருத்தி மறுபடி தொகுக்க வேண்டும். இதனால் எங்கள் கூட்டம் சின்னதாக, மேட்டுக்குடியாக இருக்கும் என்று தாங்களே பெருமையாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். அந்த மேட்டுக்குடி விண்டோ மேனேஜரை அப்படியே எடுத்து ஜன்னல் தலைப்பில் தமிழைப் போட்டுப் பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வேலையைச் செய்ய அதில் ஆள் இல்லை, வரிகள் கூடிவிடுமே! ஓப்பன்பாக்ஸ் 'பாங்கோ' என்ற நிரல் தொகுப்பை வைத்து எழுத்தைக் காட்டுகிறது, அதனால் தமிழ் தமிழாக இருக்கிறது. உங்கள் 2000 வரிக்குள் என் மொழிக்கு இடமில்லை என்றால் அது என்ன எளிமை? ஆங்கிலக்காரனின் எளிமை.

இன்னொரு கோஷ்டி, படம் பிடித்துப் போடுகிறவர்கள். கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் ஜன்னல்கள், மழையில் நனையும் ஜப்பானியக் கார்ட்டூன் பெண், பச்சை எழுத்தில் ஓடும் எண்கள். அழகுதான். நானும் பார்த்து ரசிப்பேன். ஆனால் திங்கட்கிழமை கட்டியதைப் புதன்கிழமை இடிக்கிறார்கள். அந்த மெஷினில் ஒரு கடிதம், ஒரு கணக்கு எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை நம் திரையை மாற்றும் கம்பெனிக்காரனைத் திட்டிவிட்டு வாரத்துக்கு இருமுறை மாற்றினால் அவனுக்கும் உங்களுக்கும் என்னப்பா வித்தியாசம்? உங்கள் சொந்த மெஷின், உங்கள் இஷ்டம், சரி. ஆனால் இது ஏதோ வேலை வெட்டி இல்லாத பையன்கள் சமாச்சாரம் என்ற பெயர் வந்தது உங்களால்தான்.

இப்போது கவலைப்பட வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். நான் சொன்ன அந்தக் கதவை மெள்ள மூடிக்கொண்டிருக்கிறார்கள். எக்ஸுக்குப் பதிலாக வேலண்ட் என்ற புதிய ஏற்பாடு. 2008-ல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் ஆரம்பித்தது. காரணம் நியாயமானது: எக்ஸில் ஒரு புரோகிராமில் நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டைப் பக்கத்து புரோகிராம் ஒட்டுக்கேட்க முடியும். 1980-களில் எல்லோரும் நல்லவர்கள் என்று நம்பிக் கட்டிய வீடு. வேலண்ட் அந்த ஓட்டையை அடைக்கிறது. ஆனால் அடைக்கும்போது, வரைகிறவரும் ஜன்னலைக் கவனிக்கிறவரும் ஒரே ஆள் என்று ஆக்கிவிட்டது. தனி விண்டோ மேனேஜர் என்ற ஆளுக்கு அங்கே வேலை இல்லை. முன்பு ஒரு மாணவன் விடுமுறையில் எழுதிவிடக்கூடிய சின்ன புரோகிராம் இருந்த இடத்தில், இப்போது திரை, விசை, மவுஸ் எல்லாவற்றையும் ஒரே கையால் தாங்கும் பெரிய புரோகிராம் வேண்டும். 2025 செப்டம்பரில் வந்த க்னோம் 49, பழைய எக்ஸ் வழியை இயல்புநிலையிலேயே அணைத்துவிட்டது.

அதற்காக எல்லாம் போச்சு என்று ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை. ஸ்வே என்ற விண்டோ மேனேஜரை எழுதிய கூட்டம், எல்லோருக்கும் பொதுவான கஷ்டமான பகுதியைத் தனியே பிரித்து 'டபிள்யு.எல்.ரூட்ஸ்' என்று கொடுத்தது. அதன் மேல் நின்றுகொண்டு லேப்-டபிள்யு.சி. என்று ஒன்று வந்திருக்கிறது. அது ஓப்பன்பாக்ஸின் பழைய எழுத்துக் கோப்பு முறையையே படிக்கிறது. ராஸ்பெர்ரி பை என்ற மலிவு விலைக் குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதன் டெஸ்க்டாப்பை 2024 அக்டோபரில் இதற்குத்தான் மாற்றினார்கள். அந்த மாற்றத்தை எழுதியவர்கள் செய்த புண்ணியம், பழையதைத் தூக்கி எறியாமல் பழைய மாதிரியே தெரியும்படி வேலை பார்த்தது. பாதுகாப்புக்காக மாற்ற வேண்டியதை அடியில் மாற்று, மேலே என் கை பழகிய இடத்தில் கை வைக்காதே. செய்ய முடிகிறது என்று ஒரு சின்னக் கோஷ்டி காட்டிவிட்டது. பெரிய கோஷ்டிகள் செய்யாதது முடியாததால் அல்ல, வேண்டாததால். பட்டன் நகராவிட்டால் 'புதியது' என்று எதைக் காட்டி விற்பது? புது மெஷின் எப்படி வாங்க வைப்பது?

பெரியப்பாவின் லேப்டாப் பத்து வருஷப் பழசு. கடைக்காரர், "குப்பை சார், எக்ஸ்சேஞ்சுல குடுத்துடுங்க" என்றார். இன்று அது நாலு வரி மெனுவோடு சுகமாக ஓடுகிறது. பென்ஷனர் சங்கத்துக்கு மாதம் இரண்டு கடிதம் போகிறது. சங்கச் செயலாளர்தான் பாவம்.

போன மாதம் அவர் ஊருக்குப் போயிருந்தபோது, நானாகவே ஒரு சின்ன நல்லது செய்தேன். கீழ்ப் பட்டையில் மணிக்குப் பக்கத்தில் மழை வருமா வெயிலா என்று காட்டும் ஒரு குட்டிப் படத்தைச் சேர்த்தேன். அழகாக இருந்தது. வயதானவர், குடை எடுத்துக்கொண்டு போக உதவும் என்று நினைத்தேன். அவர் திரும்பி வந்த மறுநாள் காலை ஆறரை மணிக்குப் போன்.

"டேய், மணி நாலு விரக்கடை இடது பக்கம் தள்ளி நிக்குது. பக்கத்துல ஒரு மேகம் இருக்கு. யாரைக் கேட்டு மாத்தினே?"

ஞாயிற்றுக்கிழமை போய் அந்த வரியை நீக்கிவிட்டு வந்தேன். நான் நீக்கி முடிக்கும் வரை பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கோப்பில், எந்த வரி என்று ஒரு பழைய இன்லண்ட் லெட்டரின் பின்பக்கத்தில் குறித்தும் வைத்துக்கொண்டார்.